எண்ணினால் குறையும் தொற்று

சிறுநீரகம் செயலிழந்தோருக்கான டயாலிசிஸ் என்றதும், மருத்துவமனைக் கட்டிலும் அருகே இயங்கும் இயந்திரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் அதில் கழிகிறது. வேடசந்தூர், நத்தம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பேருந்தேறி வரும் கூலித் தொழிலாளிக்கும், உடன் வரும் உறவினருக்கும் அந்நாள்களில் கூலி இல்லை. இத்தகையோரில் பலருக்கு, வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வயிற்றுவழி டயாலிசிஸ் நல்லதொரு மாற்று.

வயிற்றின் உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வே இதில் வடிகட்டி. வயிற்றில் நிலையாகப் பொருத்தப்பட்ட மெல்லிய குழாய் வழியே ஏறத்தாழ 2 லிட்டர் திரவத்தை உள்ளே செலுத்தி, சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு, புதிய பையை இணைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் சேவைகளுள், இப்பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்ப்பதும் ஒன்று. இது பாராட்டுக்குரியது. ஆனால், பையோடு தொற்றுத் தடுப்புக்கான ஒழுங்கும் வீடு சேர வேண்டும் என்பதே என் கருத்து.

நாளொன்றுக்கு 4 முறை பை மாற்றினால், ஆண்டுக்கு 1,460 முறை. ஒவ்வொரு முறையும் குழாயின் முனை திறக்கப்படுகிறது. ஒரே ஒருமுறை விரல் பட்டாலும் கிருமி உள்ளே நுழையக்கூடும். வடியும் நீர் கலங்கலாக வருவதும் வயிற்றுவலியும் முதன்மை அறிகுறிகள். சிகிச்சை தாமதமானால் சவ்வு தன் வடிகட்டும் திறனை இழக்கலாம். குழாயையே அகற்ற நேரலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

தொற்று வந்ததும், ‘நோயாளி சுத்தமாக இல்லை’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. இச்சிகிச்சையின் வரலாறோ வேறு பாடம் சொல்கிறது. 1970-களின் பிற்பகுதியில் திரவம் கண்ணாடிப் புட்டிகளில் வந்தது. தொற்று அடிக்கடி தாக்கியது. டொரன்டோவில் மருத்துவர் ஒரியோபோலசின் குழு நெகிழிப் பைகளுக்கு மாறியது. பின்னர் இத்தாலியில் புவன்கிறிஸ்தியானி, இரு கிளைகள் கொண்ட குழாயை அறிமுகப்படுத்தினார். புதிய திரவம் உள்ளே செல்லும் முன்பே, இணைப்பிடத்தில் ஒட்டிய கிருமிகள் கழுவி வெளியேற்றப்பட்டன. தொற்றும் குறைந்தது. திருத்தப்பட்டவர்கள் நோயாளிகள் அல்லர், திருத்தப்பட்டது செய்முறை.

2011-இல் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகள் கூட்டாகத் தொடங்கிய முயற்சியும் இதையே மெய்ப்பித்தது. பயிற்சி அளிப்பது, குழாய் வெளிவரும் இடத்தைச் சோதிப்பது, ஒவ்வொரு வருகையிலும் செய்முறையைச் சரிபார்ப்பது ஆகியவற்றை ஒரே பட்டியலின்படி 24 மையங்கள் செய்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.63 என்றிருந்த தொற்று விகிதம், மூன்றாண்டுகளில் 0.42 ஆகக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்து ஏதும் தேவைப்படவில்லை.

பன்னாட்டுச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இவ்விகிதம் 0.40-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு மையத்தில் 30 பேர் ஓராண்டு முழுவதும் சிகிச்சை பெற்றால், மொத்தத் தொற்றுகள் 12-க்கு மேற்படலாகாது. இக்கணக்குக்கு ஒரு குறிப்பேடு போதும்.

திண்டுக்கல் வட்டாரத்துக்குப் பொருந்தும் சில செயல்களைச் சொல்கிறேன். முதலாவது, தண்ணீர். கோடையில் குடத்தில் சேமித்த நீரையே நம்பும் வீடுகள் இங்கே உண்டு. பாத்திரத்துக்குள் கையை நனைத்துக் கழுவுவது கூடாது. குழாய் பொருத்திய வாளியிலிருந்து ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, துடைத்து உலர்த்தி, பின் கிருமிநாசினி தேய்க்க வேண்டும். பை மாற்றும் வேளையில் மின்விசிறி ஓடலாகாது. கிணற்றிலும் குளத்திலும் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, மறுபயிற்சி. தொடக்கத்தில் கற்ற முறை நாளடைவில் தேய்ந்துபோகும். தொற்று வந்தபின், நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தபின், பார்வை மங்கும்போது, பராமரிப்பவர் மாறும்போது மீண்டும் கற்பிக்க வேண்டும். திட்டத்தின் பணியாளர் வீட்டுக்குச் செல்லும்போதே, நோயாளி பை மாற்றுவதை ஒருமுறை பார்த்துப் பட்டியலில் குறிக்கலாம்.

மூன்றாவது, கலங்கிய பை. அதைக் கொட்டிவிடாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். நுண்ணுயிர்ப்பரிசோதனைக்கு மாதிரி எடுத்த கையோடு, தாமதமின்றி மருந்து தொடங்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை முன்பே விழுங்கிவிட்டால், கிருமி எதுவென்று கண்டறிவது கடினம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி திண்டுக்கல்லிலேயே இருப்பதால், இப்பரிசோதனை நோயாளிக்கு அருகிலேயே கிடைக்கச் செய்ய வழியுண்டு.

எத்தனை பைகள் வழங்கப்பட்டன என்பதோடு, எத்தனை தொற்றுகள் நேர்ந்தன என்பதையும் மையவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நோயாளியைக் குற்றவாளியாக்காமல், ஒவ்வொரு தொற்றுக்கும் காரணம் தேடும் மையத்தில்தான் அடுத்த தொற்று தடுக்கப்படும்.