நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்வது செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின். அது குறைந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், பாடம் மனதில் நிற்காது. இதுவே குருதிச்சோகை. எல்லவில் மேடேறாமல் எங்கும் போக முடியாதே! அதனால் "ஏற்றம்தானே, களைக்கும்" என்று விட்டுவிடுவதும் இங்கே சுலபம்.

பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. மீனும் கீரையும் உண்டு, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, வைத்தியர் தரும் குளிசையை ஒழுங்காக எடுத்தால் சரியாகிவிடும். நான் எழுத வந்தது இரும்புக் குளிசைக்கு மாறாத இன்னொன்றைப் பற்றி: தலசீமியா.

இதில் ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகிலேயே பிழை. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தப் பிழையைப் பெற்றவர் 'காவி'. அவர் நோயாளியல்லர், தாம் காவி என்பதே பலருக்குத் தெரியாது. இரு காவிகள் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோய் கடுமையானால் சில கிழமைகளுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற வேறு மருந்து. இப்படியே ஆயுள் முழுதும்.

இலங்கையில் தலசீமியா நோயாளர் சிகிச்சை பெறும் முக்கிய இடங்களில் குருநாகல், அனுராதபுரத்தோடு நமது பதுளையும் ஒன்று. பழைய மலேரியாவுக்கும் இதற்கும் தொடர்புண்டு. காவிகளுக்கு அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்ததால் இப்பரம்பரையலகு தலைமுறைகளாக நிலைத்தது. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போய்விட்டது, பரம்பரையலகு போகவில்லை.

சொந்தத்துக்குள் மணமுடிப்பது நம்மிடையே வழக்கம். மாமி மகனுக்கும் மாமா மகளுக்கும் ஒரே பாட்டனாரின் பிழை வந்திருக்கக்கூடும். மஹரையும் மண்டபத்தையும் மணிக்கணக்காகப் பேசும் வீடுகள் இதைப் பேசக் கூசுகின்றன. பிள்ளைக்குக் குறை என்று பெயர் வந்துவிடுமோ என்ற பெற்றோரின் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. பெண்ணின் அறிக்கையை மட்டும் கேட்பதும் நியாயமில்லை.

தொடக்கம் சாதாரண முழுக்குருதிப் பரிசோதனைதான். செங்குழியங்கள் வழமையை விடச் சிறியனவாக இருந்தால் மேலும் ஒரு சோதனை செய்வார்கள். கலியாணப் பேச்சு வரும்வரை காத்திராமல், உயர்தரப் பரீட்சை முடிந்த விடுமுறையிலேயே செய்துகொள்ளலாம். என் அறிக்கையை வாப்பா பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறார்.