திருடுபோன டார்ச் விளக்கிற்கு மாற்றாக எதை வாங்கலாம்?

இரவில் நீர் பாய்ச்சும் உழவருக்கு மண்வெட்டி எப்படியோ, அப்படியே டார்ச் விளக்கும் ஒரு கருவியாகும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் இரவு முறை வரும்போது மோட்டாரைப் போடவும், மடை மாற்றவும், வரப்பு உடைப்பைப் பார்க்கவும் இருட்டில்தான் நடக்க வேண்டியுள்ளது. அந்த விளக்கு ஒருநாள் மோட்டார் கொட்டகையிலிருந்து திருடு போய்விடுகிறது. உரத்திற்கும் கூலிக்கும் பணம் தேடும் பருவமாக இருந்தால், "அறுவடை முடிந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று சிலர் தள்ளிப் போடுகிறார்கள். வேறு சிலர் சந்தையில் கண்ணில் பட்ட மலிவான விளக்கை அவசரத்தில் வாங்கி, சில மாதங்களில் தூக்கி எறிகிறார்கள். இரண்டுமே நட்டந்தான். குறைந்த செலவில் நெடுநாள் உழைக்கும் விளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்குக் காண்போம்.

ஏன் தள்ளிப் போடக் கூடாது?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்திருப்பர் என்று 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமப்புற மக்களே. கண்ணாடி விரியன் வரப்புப் புல்லிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடக்கும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும். அது கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ இருப்பதில்லை. காலை வைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு. அதற்கு வெளிச்சம் வேண்டும்.

"கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே" என்று கேட்கலாம். அந்த வெளிச்சம் சில அடி தூரத்திற்கு மேல் பயன்படாது. சேற்றுக் கையோடு பிடித்தால் நழுவி வாய்க்காலில் விழும். எல்லாவற்றிற்கும் மேலாக, விளக்காக எரித்தே அதன் பாட்டரி தீர்ந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் 108 எண்ணை அழைக்க வழியிருக்காது. கைப்பேசியை அழைப்பிற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டில் தேடுங்கள்

கடைக்குப் போகுமுன், களவு போகாமல் எஞ்சியிருப்பவை எவை என்று பாருங்கள். பழைய விளக்கின் சார்ஜர், உபரி செல், காலி டார்ச் ஏதேனும் வீட்டில் இருக்கலாம். அவற்றிற்குப் பொருந்தும் விளக்கையே வாங்கினால் ஒரு பகுதிச் செலவு மிச்சம். வீட்டிலுள்ள கைப்பேசி சார்ஜரிலேயே ஏற்றக்கூடிய விளக்கு என்றால் தனிச் சார்ஜர் தேவையில்லை.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'வாட்' என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. வெளிச்சத்தின் அளவு அல்ல. வெளிச்சத்தைக் குறிப்பது 'லூமன்' ஆகும். இரண்டு கட்டை போட்ட பழைய குண்டு பல்ப் டார்ச் ஏறத்தாழ 10 முதல் 20 லூமன்தான் தந்தது. எல்.இ.டி. விளக்கு ஒரு வாட் மின்சாரத்தில் சுமார் 100 லூமன் தரும். வரப்பில் நடக்கவும் மடை திருப்பவும் 100 லூமன் தாராளமாகப் போதும்.

"ஒரு கிலோமீட்டர் தூரம் பாயும்" என்ற விளம்பரத்திற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஒளி எட்டும் தூரத்தை அளக்கும் முறைப்படி, வெளிச்சம் முழுநிலவின் ஒளியளவிற்குக் குறையும் இடம்வரை கணக்கில் சேரும். நமக்கு வேண்டியதோ காலடியிலிருந்து 10 மீட்டர் வரை பரவலாக விழும் ஒளி. காட்டுப்பன்றிக் காவலுக்குச் செல்வோருக்கு மட்டுமே தூரம் பாயும் விளக்கு தேவைப்படும்.

விளக்கின் உயிர் பாட்டரியே

எல்.இ.டி. பல்ப் எளிதில் பழுதாவதில்லை. விளக்கு வீணாவது பெரும்பாலும் பாட்டரியால்தான். எனவே எந்த பாட்டரி என்று பார்த்தே வாங்க வேண்டும்.

1. பாட்டரிக் கட்டை போடும் விளக்கு: விலை குறைவு. கட்டை பெட்டிக்கடையிலும் கிடைக்கும். தீரும்போது ஒளி மெல்ல மங்குவதால் முன்னெச்சரிக்கை கிடைக்கும். எப்போதாவது இரவில் வயலுக்குச் செல்வோருக்கு இது ஏற்றது. வாரம் பல இரவு எரித்தால் கட்டைச் செலவு ஏறிவிடும்.

2. ஈய அமில பாட்டரி விளக்கு: பக்கவாட்டில் குழல் விளக்கும், சில சமயம் ரேடியோவும் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் விளக்குகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. முழுவதும் தீர்ந்த நிலையில் சில வாரங்கள் கிடந்தாலே இந்த பாட்டரி கெடத் தொடங்கும். பருவத்திற்கு மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் உழவருக்கு இது பொருந்தாது.

3. லித்தியம் செல் விளக்கு: எடை குறைவு, நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். இதில் செல்லைக் கழற்றி மாற்றக்கூடியதும் உண்டு. உள்ளேயே ஒட்டி அடைத்ததும் உண்டு. கழற்றக்கூடியதையே வாங்குக. '18650' என்னும் செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. நகரக் கடைகளில் தனியாகக் கிடைக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி திறனுள்ள ஒரு செல், ஒரு வாட் எல்.இ.டி. விளக்கை 5 முதல் 6 மணி நேரம் எரிக்கும். இந்த அளவுச் செல்லின் உண்மைத் திறன் 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டியே முடிந்துவிடும். '9900' என்று அச்சிட்ட செல் கண்டால் அது பொய் என்று அறிந்து ஒதுக்கிவிடுங்கள். லித்தியம் செல்லுக்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 16046. செல்லின் மீதோ பெட்டியிலோ அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம்.

நாற்றுப் பறித்தல், பால் கறத்தல், மோட்டாரைக் கழற்றிப் பார்த்தல் போன்ற இரு கை வேலைகள் மிகுந்தோர், இதே செல் போடும் நெற்றி விளக்கை வாங்கலாம்.

மலிவு எது? ஒரு கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறையைக் காட்டவே கீழ்க்கண்ட எடுத்துக்காட்டு தரப்படுகிறது. ஆண்டுக்கு 100 இரவுகள் நீர் பாய்ச்சுவதாகக் கொள்வோம்.

அ) பாட்டரியை உள்ளே அடைத்த விளக்கு ரூ.250. ஆறு மாதத்தில் பாட்டரி கெட்டுவிட்டால் இரண்டு ஆண்டில் நான்கு விளக்கு வாங்க வேண்டும். செலவு ரூ.1000, இரவுக்கு ரூ.5.

ஆ) செல்லைக் கழற்றக்கூடிய விளக்கு ரூ.550. ஓராண்டு கழித்துப் புதிய செல் ரூ.200. இரண்டு ஆண்டுச் செலவு ரூ.750, இரவுக்கு ரூ.3.75.

கடையில் 300 ரூபாய் அதிகமாகத் தோன்றும் விளக்கு, வயலில் 250 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே இக்கணக்கைச் செய்து பாருங்கள்.

இப்போது கையில் அவ்வளவு பணம் இல்லையெனில், கட்டை போடும் சிறிய எல்.இ.டி. டார்ச் ஒன்றை உடனே வாங்கிவிடுங்கள். பணம் வந்தபின் லித்தியம் செல் விளக்கு வாங்கும்போது இது துணை விளக்காகும். லித்தியம் செல் விளக்குகள் பல, மங்காமலே எரிந்து திடீரென அணைந்துவிடும். ஆகவே மடியில் ஒரு துணை விளக்கு இருப்பது வீண் செலவன்று.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கடையின் இருட்டான மூலையில் தரையை நோக்கி அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் கூசி, சுற்றிலும் இருண்டிருந்தால் நடப்பதற்கு ஏற்றதல்ல.
2. மூடியைத் திருகிக் கழற்றுங்கள். மரையில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். 'ஐபிஎக்ஸ்4' என்ற குறி மழைத் தூறலைத் தாங்கும் என்பதையும், 'ஐபி67' என்ற குறி ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கும்.
3. கையை நனைத்துக்கொண்டு விசையைப் போட்டு அணைத்துப் பாருங்கள்.
4. குறைந்த ஒளி நிலை இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் ஒரே சார்ஜில் இரண்டு இரவுகூட ஓட்டலாம்.
5. தேதியிட்ட ரசீது பெறுங்கள். ரசீதில்லாமல் அடிமாட்டு விலைக்கு வரும் பழைய விளக்கு, வேறொரு உழவரிடமிருந்து களவு போனதாகவும் இருக்கலாம்.

மீண்டும் களவு போகாமலிருக்க

பல விளக்குகள் களவு போவது, மோட்டார் கொட்டகையில் சார்ஜ் போட்டுவிட்டு வரும்போதுதான். வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுங்கள். சூடேற்றிய ஆணியால் விளக்கின் மூடியில் பெயரெழுத்தைப் பொறித்துவிடுங்கள். செல்லைக் கழற்றிவிட்டே இதைச் செய்ய வேண்டும். கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். விளக்கோடு ஒயர், ஸ்டார்ட்டர் முதலியவையும் களவு போயிருந்தால், எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

லித்தியம் செல்லை வெயிலில் வைக்காதீர்கள். உபரி செல்லைச் சாவி, சில்லறைக் காசுகளோடு ஒரே பையில் போட்டால் தீப்பிடிக்கக்கூடும். உப்பிய செல்லைப் பயன்படுத்தக் கூடாது. குப்பையிலோ அடுப்பிலோ போடாமல் பாட்டரி விற்கும் கடையில் சேர்ப்பியுங்கள். நெடுநாள் எடுக்காத விளக்கிலிருந்து கட்டைகளைக் கழற்றி வையுங்கள். இல்லையேல் அவை கசிந்து உட்புறத்தை அரித்துவிடும். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் கலந்து போட வேண்டாம்.

விளக்கு கையிலிருந்தாலும் முழங்கால்வரை ரப்பர் செருப்பும், முன்னே தட்டிச் செல்ல ஒரு கம்பும் தேவை. தப்பித்தவறிப் பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாமலும், இறுக்கிக் கட்டாமலும், கடிபட்டவரை நடக்கவிடாமலும் விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

எனவே உழவர் பெருமக்கள் விளக்கு திருடு போன அன்றே, அடுத்த இரவு முறைக்குள் மாற்று விளக்கு வாங்கிவிட வேண்டும். வாங்கும்போது 'செல்லைக் கழற்ற முடியுமா?' என்ற கேள்வியை முதலில் கேட்டால், பணமும் மிச்சமாகும். இருட்டில் கால் வைக்கும் இடமும் தெரியும்.