நடந்து தொழும் நகரங்கள் – 6: தண்டவாளத்தில் போன தேவாலயங்கள்

சென்ற வாரம் பார்த்த தெசலோனிக்கியில் தேவாலயங்கள் மசூதிகளாகிப் பிறகு மறுபடியும் தேவாலயங்களாயின. ஆனால் கட்டிய இடத்திலேயே நின்றன. புக்கரெஸ்டில் கதை தலைகீழ். அங்கே மதம் மாறவில்லை, கட்டடங்களே இடம் மாறின. ருமேனியத் தலைநகரின் பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களை நடந்து தரிசிக்க வருகிறவர்களுக்கு வழக்கமான வழி ஒன்று இருக்கிறது. பழைய அரண்மனையை ஒட்டி மிர்ச்சா சொபானுல் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம், 1724-இல் எழுந்த ஸ்தவ்ரோபொலியோஸ், விக்டோரியெய் சாலையின் க்ரெட்சுலெஸ்கு, கடைசியில் குன்றின்மேல் 17ஆம் நூற்றாண்டுப் பேராலயம். அங்கே 1774 முதல் புனித திமித்ரியின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது; அக்டோபர் கடைசியில் அவர் திருநாளுக்கு வரிசை தெருத்தெருவாக நீளும். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனாலும் இந்த வழி பாதி வழி என்பேன். தள்ளி வைக்கப்பட்ட தேவாலயங்களையும், இடிக்கப்பட்டவை நின்ற வெற்று மனைகளையும் அதே பக்தியோடு சேர்த்து நடந்தால்தான் இந்த நகரத்தில் யாத்திரை நிறைவு பெறும்.

1977 மார்ச் 4 நிலநடுக்கம் நகரத்தைக் குலுக்கிய பிறகு, கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் நிக்கொலாய் சௌசெஸ்குவுக்குத் தன் மனம்போல ஒரு தலைநகர் கட்ட வாய்ப்புக் கிடைத்தது. ராட்சத அரண்மனைக்கும் அதற்கு நேரே ஓடும் அகலச் சாலைக்கும் இடம் வேண்டி உரானுஸ் போன்ற பேட்டைகள் 1980களில் தரைமட்டமாயின. பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். தேவாலயங்களையும் விடவில்லை. அப்போதுதான் எவ்ஜெனியு யோர்தகெஸ்கு என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார்: இடிக்க வேண்டாம், நகர்த்திவிடலாம். தட்டில் நிரம்பிய கோப்பைகளைச் சிந்தாமல் தூக்கிப்போன உணவக ஊழியரைப் பார்த்து இது தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். அடித்தளத்தைச் சுற்றித் தோண்டி, சுவர்களுக்கு அடியில் கான்கிரீட் சட்டம் வார்த்து, அது இறுகியதும் பழைய அடித்தளத்திலிருந்து கட்டடத்தை அறுத்துப் பிரித்து, தண்டவாளத்தில் ஏற்றி ஹைட்ராலிக் ஜாக்கிகளால் மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். 1982-இல் ஸ்கிதுல் மைச்சிலோர் என்ற சிறிய கன்னியர் மடத்து ஆலயம் 245 மீட்டர் போனது. 1985-இல் மிஹாய் வீரன் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மிஹாய் வோடா ஆலயம் மணிக்கூண்டோடு 289 மீட்டர் சரிவில் இறங்கியது. அதைச் சுற்றியிருந்த மடாலயக் கட்டடங்களோ மண்ணோடு மண்ணாயின.

நகர்த்தியது காப்பாற்றியதல்லவா, இதில் என்ன குறை என்று கேட்கலாம். காப்பாற்றியதுதான், யோர்தகெஸ்குவுக்கு அந்த நகரம் பட்ட கடன் பெரிது. 18ஆம் நூற்றாண்டின் மாபெரும் மடாலயமான வக்கரெஷ்டிக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இன்று அதன் சில தூண்களும் சுவரோவியத் துண்டுகளும்தான் மிச்சம். ஆனால் அரசு இந்த யோசனைக்கு ஏன் சம்மதித்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகர்ந்த ஆலயங்கள் போய்ச் சேர்ந்த இடங்களே பதில் சொல்கின்றன: பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முதுகுப்புறங்களில் நிற்கின்றன. பேராயர் ஆன்திம் இவிரெயானுல் 1715-இல் கட்டி முடித்த மடாலயம் இருந்த இடத்திலேயே இருந்தும் மதில்போன்ற மாடிகளுக்குப் பின்னால் மறைந்தது. சிலுவை சாலையில் போகிறவர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். காரில் போகிறவருக்கு இன்றும் தெரிவது சௌசெஸ்கு காட்ட விரும்பிய நகரம் மட்டுமே. மாடிகளின் இடுக்கில் நுழைந்து போகிறவருக்குத்தான் மற்றது அகப்படும். நடைக்கு இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை.

இறையியல் தெரிந்தவர்கள் எழுப்பும் தடை இன்னும் கனமானது. ஆர்த்தடாக்ஸ் மரபில் வழிபாடு மண்ணைப் பற்றிக்கொண்டிருப்பதல்ல. பலிபீடத்தின்மேல் அன்டிமிஸ் என்ற துணி விரிக்கப்படும். அதில் கிறிஸ்துவின் அடக்கம் சித்திரிக்கப்பட்டிருக்கும், புனிதரின் திருப்பண்டம் தைக்கப்பட்டிருக்கும், ஆயரின் கையெழுத்து இருக்கும். அது இருந்தால் எங்கும் வழிபாடு நடத்தலாம். அப்படியானால் 289 மீட்டர் தள்ளிப்போனதில் புனிதம் எங்கே குறைந்தது? குறையவில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். இழப்பு வேறு இடத்தில். புக்கரெஸ்டின் பழைய ஆலயங்கள் பேட்டைகளின் நடுப்புள்ளிகள். சிலவற்றுக்குத் தொழிலாளர் பேரே நிலைத்தது, ஒலாரி ஆலயம் குயவர்களுடையது. மணியோசைக்குக் கிளம்பி வந்த பங்கு மக்கள், கல்யாண ஊர்வலம் வந்த தெரு, சவப்பெட்டி போன தெரு ஆகியவை சேர்ந்துதான் ஓர் ஆலயம். கட்டடத்துக்கு அடியில் ஜாக்கி கொடுக்கலாம், தெருவுக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் இந்த யாத்திரையில் ஆலயங்களைவிட அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் முக்கியமாகிறது.

பழி முழுவதையும் கம்யூனிஸ்டுகள் தலையில் போடுவது சுலபம், ஆனால் சரியல்ல. விக்டோரியெய் சாலையில் படையதிகாரிகளின் மாளிகை நிற்கும் இடத்தில் சரிந்தார் மடாலயம் இருந்தது. கிறிஸ்தவ மன்னராட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதை இடித்தார்கள். ஸ்தவ்ரோபொலியோஸைத் தாங்கிய வருமானம் அதைச் சூழ்ந்திருந்த சத்திரத்திலிருந்து வந்தது. அந்தச் சத்திரமும் அதே நூற்றாண்டோடு போயிற்று. இன்று அழகின் உச்சமாகப் படம் பிடிக்கப்படும் அந்தச் சிற்றாலயம் உண்மையில் ஒரு மிச்சம்.

வெற்று மனையை வணங்குவது வரலாற்று ஏக்கம், பக்தியல்ல என்பார்கள் சிலர். ருமேனிய ஆலய வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தைப் பார்த்தால் இந்தத் தடை தளர்ந்துவிடும். அங்கே இரண்டு பெட்டிகள்: ஒன்று உயிரோடிருப்போருக்கு, ஒன்று இறந்தோருக்கு. குருவிடம் கொடுக்கும் பெயர்ச் சீட்டிலும் இதே இரு பகுப்பு. போனவர்களைப் பெயர் சொல்லி நினைப்பது அந்த வழிபாட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளேயே இருக்கிறது. 1987-இல் இடிக்கப்பட்ட ஸ்ஃபன்தா வினெரி ஆலயத்தில் தொழுது மறைந்தவர்களின் பெயர்களை யாத்திரிகர் அந்த இரண்டாம் பகுப்பில் எழுதிக்கொள்ளலாம்; அதில் ஆர்த்தடாக்ஸ் மரபுக்கு அந்நியமானது எதுவுமில்லை.

2018 நவம்பரில் அருட்பொழிவு செய்யப்பட்ட புதிய தேசியப் பேராலயத்தை என்ன செய்வது? சௌசெஸ்குவின் அரண்மனைக்குப் பக்கத்திலேயே, அவர் வெறுமையாக்கிய குன்றின்மேல், அதற்கு ஈடான பிரம்மாண்டத்தோடு நிற்கிறது. அரசுப் பணம் இதற்குப் போனதில் நாட்டுக்குள்ளேயே கடும் சச்சரவு. அளவில் அரண்மனையோடு போட்டியிட்டது திருச்சபைக்கு அழகில்லை என்பது என் கருத்து. ஆனால் வழியிலிருந்து அதை நீக்கச் சொல்ல மாட்டேன். பேருந்தில் நேராக அதன் வாசலில் இறங்காமல், மிஹாய் வோடா இப்போது நிற்கும் சந்திலிருந்து கிளம்பி, மேடேறிப் போகட்டும். அந்த ஆலயம் இறங்கி வந்த கோட்டிலேயே போக முடியாது, மாடிகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

(தொடரும்)