முத்துச் சிப்பியும் கருங்காலியும்



திருக்கேதீச்சரம் என்றவுடன் பாலாவிக் கரையும், சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருத்தலமுமே நம் நினைவில் எழுகின்றன. அத்தலத்தைச் சூழ்ந்த மாந்தை, மாதோட்டம் என்று பெயர் பெற்ற பழைய துறைமுகம். அங்கிருந்து தெற்கே செல்லும் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலிய ஊர்கள் உள்ளன. அவற்றிற்கு எதிரே, கடலின் அடியிற் கிடப்பவையே புகழ்பெற்ற முத்துப் பார்கள். முத்தைப் பற்றிப் பலரும் பேசியிருக்கின்றனர். முத்தை எடுத்தபின் கரையில் எறியப்பட்ட ஓட்டைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலரே. அந்த ஓட்டின் உட்புறத்து ஒளியை இசைக்கருவியிற் பதிக்கும் தொழிலொன்று உண்டு. அதனையே இன்று விளக்க முற்படுகின்றேன்.

கிற்றார் வாத்தியத்தை அனைவரும் கண்டிருப்பீர்கள். அதன் கழுத்தின் மேல் நீளமான ஒரு பலகை ஒட்டப்பட்டிருக்கும். அதனை விரற்பலகை என்று கூறலாம். அதன் குறுக்கே உலோக மெட்டுகள் அறையப்பட்டிருக்கும். மெட்டுகளுக்கிடையே வெண்ணிறப் புள்ளிகள் சில மின்னுவதையும் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை 3, 5, 7, 9, 12 ஆம் மெட்டுகளுக்கு முன்னாலுள்ள இடைவெளிகளில் அமைகின்றன. அவை வெறும் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. 12 ஆம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்குவது. அங்கே மேல் சட்சம் பிறக்கின்றது. ஆகவே அவ்விடத்தில் இரட்டைப் புள்ளி இடுவர். 7 ஆம் மெட்டு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விட்டுவைத்துப் பஞ்சமத்தைத் தருகின்றது. 5 ஆம் மெட்டு நான்கில் மூன்று பங்கை விட்டு மத்திமத்தைத் தருகின்றது. வாசிப்பவன் கையை ஓட்டும்போது கண்ணுக்கு வழிகாட்டுபவை இப்புள்ளிகளே.

வழிகாட்டியாகத் தோன்றிய புள்ளி நாளடைவில் பூவாகவும் கொடியாகவும் வளர்ந்தது. அமெரிக்காவிலே 1833 ஆம் ஆண்டு தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், 1904 இல் வெளியிட்ட 45 ஆம் வகைக் கிற்றாரின் விளிம்பெங்கும் கடற்சிப்பியை இழைத்தது. இன்று தம் பெயரையோ குலச்சின்னத்தையோ விரற்பலகையிற் பதித்துத் தருமாறு கேட்போரும் பலர்.

நம் வீணையிலோ இதற்கு இடமில்லை. தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகும் கரியும் கலந்த மேடையின் மீது நிற்கின்றன. மெழுகிற் சித்திரம் பதிக்க முடியாது. ஆதலால் அங்கே அலங்காரம் தண்டியின் ஓரத்திற்கும் குடத்திற்கும் சென்றுவிட்டது. முன்னர் யானைத் தந்தத் தகட்டிற் கீறி, கீறலில் நிறம் நிரப்பினர். இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தபின் பிளாஸ்ரிக் தகடு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய வீணை அது. அதன் மேல் பிளாஸ்ரிக்கைக் காணும்போது என் மனம் சற்றே சுருங்கவே செய்கின்றது. எனினும் யானை உயிரோடிருப்பது அதனினும் நன்று.

சிப்பி ஓட்டின் ஒளி எங்கிருந்து வருகின்றது? அதில் சாயம் எதுவும் இல்லை. சுண்ணாம்புச் சத்தினாலான மிக மெல்லிய தகடுகள், ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தகட்டிலும் பட்டு மீளும் ஒளி மற்றொன்றின் ஒளியோடு கலந்து நிறங்களைப் பிறப்பிக்கின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1930களில் இச்சிப்பிகளின் நிறஜாலத்தை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியுள்ளார். ஓட்டை எந்தக் கோணத்தில் அறுக்கின்றோம் என்பதைப் பொறுத்து ஒளி மாறுவதும் இதனாலேயே. தேர்ந்த தொழிலாளி முதலில் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒளி எழும் பக்கத்தைக் குறித்துக்கொள்வான்.

இங்கே ஓர் ஏமாற்றமான செய்தியையும் சொல்லவேண்டும். மன்னார்ப் பார்களின் முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்குவது, ஓடும் மெல்லியது. முத்துக்கு உலகப் புகழ், ஓட்டுக்கு அத்தகைய புகழில்லை. சிறு புள்ளிகளும் இதழ்களும் அதிலிருந்து கிடைக்கலாம். அகன்ற பூ கிடையாது. கிற்றார்த் தொழிலாளர் பெரிதும் நாடுவது வட அவுஸ்திரேலியக் கடலில் வளரும் பெருஞ்சிப்பியையே. அது ஓரடி அளவுக்கும் வளரும், ஓடும் தடித்தது. நம் பார்களின் வளமும் நிலையானதன்று. 1905 இல் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே ஒரு கம்பனி இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. சில ஆண்டுகளில் பார்கள் வறண்டு அது நொடிந்தது. 1960களுக்குப் பின் பெருங்குளிப்பு நடைபெறவில்லை.

பலகைக்கு உகந்த மரமோ நம் வறண்ட காடுகளுக்கு உரியது. சிங்களத்தில் களுவர எனப்படும் கருங்காலி அது. கரிய மரத்தில் வெண்சிப்பி பளிச்சென விளங்கும்.

வேலை இவ்வாறு நடைபெறும். சித்திரத்தைத் தாளில் வரைந்து, வெட்டி, சிப்பித் தகட்டின்மேல் ஒட்டுவர். தகட்டின் கனம் ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றர். பொற்கொல்லர் கையாளும் மயிரிழை போன்ற வாளை நிமிர்த்திப் பிடித்து, கோட்டின் வெளிப்புறமாக அறுப்பர். அவசரப்பட்டால் அலகு முறியும், சிப்பியும் பிளக்கும். பின் சிறு அரத்தால் ஓரத்தைச் சீர்செய்வர். வெட்டிய உருவை மரத்தின்மேல் வைத்து, கூரிய ஊசியால் அதன் எல்லையைக் கீறி, கீறலிற் சுண்ணப்பொடி தேய்த்தால் கருமரத்திலே வெள்ளைக் கோடு தெளியும். அக்கோட்டுக்குள் சிறு சுழற்கருவியாலும் உளியாலும் பள்ளம் தோண்டுவர். உரு இறுக்கமின்றியும் ஆட்டமின்றியும் அமர்தல் வேண்டும். கருங்காலித் தூளைப் பசையோடு குழைத்து நிரப்பி அழுத்தினால், விளிம்பில் எஞ்சும் வெடிப்பும் மரத்தோடு மரமாய் மறைந்துவிடும்.

இங்கேதான் ஒரு கணக்கு வருகின்றது. பல கிற்றார்களின் பலகை சமதளமன்று. வில்லைப் போல் வளைந்தது. வளைவின் ஆரம் 12 அங்குலம், பலகையின் அகலம் 2 அங்குலம் எனக் கொள்வோம். அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் 4 ஐ 96 ஆல் வகுத்ததாகும். அதாவது நடுவிலிருந்து ஓரம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கும். 1.3 மில்லிமீற்றர்ச் சிப்பியை ஒரே துண்டாக அகலம் முழுதும் பதித்து வளைவுக்குத் தேய்த்தால், ஓரத்தில் எஞ்சுவது மெல்லிய தோலே. சிறிது பிசகினும் அது அற்றுப்போகும். ஆதலால் கொடியைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வளைவின் சரிவுக்கேற்பப் பதிப்பர். இலைக்கும் காம்பிற்கும் இடையே நாம் காணும் இணைப்புக்கோடுகள் இக்கணக்கின் விளைவு.

பசை இறுகியபின், பலகையின் வளைவுக்கு ஏற்பக் குடையப்பட்ட கட்டையில் அரத்தாளைச் சுற்றித் தேய்ப்பர். மெட்டுகள் அறையப்படுவது இதன் பின்னரே. கொடி மெட்டைக் கடந்து செல்லுமாயின், மெட்டுக்குரிய வெட்டைச் சிப்பியின் ஊடாகவும் மெல்ல அறுக்கவேண்டும்.

தேய்க்கும்போது எழும் சிப்பித் தூள் மாவைப்போல் நுண்ணியது. நுரையீரலுக்குக் கேடு செய்வது. தொழில் கற்கப் புகும் இளைஞர் முகமூடி அணிதலும், இயன்றவரை ஈரத்திலே அறுத்தலும், மேசையருகே தூளை இழுக்கும் விசிறி வைத்தலும் இன்றியமையாதவை. கருங்காலித் தூளும் சிலருக்குத் தோலிலே தடிப்பை உண்டாக்கும்.

கடைசியாகப் பலகைக்கு எண்ணெய் பூசி, மெல்லிய துணியால் துடைத்து, தந்தியை ஏற்றுவர்.