பழுதுறும் வழங்கிகளிடையே பணி வழிப்படுத்தல்

பழுதுறும் வழங்கிகளிடையே பணி வழிப்படுத்தல் என்பது, அவ்வப்போது செயலிழந்து மீளும் பல வழங்கிகளுள் எந்தப் பணியை எதற்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் முறையாகும். இது வரிசைக் கோட்பாட்டின் ஒரு பகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் எர்லாங், தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909-இல் வெளியிட்ட கட்டுரையே அக்கோட்பாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

வேகமான வழங்கிக்கு அதிகப் பணி தரலாம் என்பதே முதலில் தோன்றும் விடை. அது எப்போதும் சரியன்று. 'அ' என்னும் வழங்கி நொடிக்கு 10 பணிகளை முடிக்கிறது; பழுதடைவதில்லை எனக் கொள்வோம். 'ஆ' நொடிக்கு 16 பணிகளை முடிக்கிறது. ஆனால் 30 நிமிடம் இயங்கினால் 30 நிமிடம் முடங்கிவிடுகிறது. ஆகவே 'ஆ'வின் உண்மைத் திறன் நொடிக்கு 8 மட்டுமே. நொடிக்கு 15 பணிகள் வரும்போது 10:16 என்று பிரித்தால் 'ஆ'வுக்கு ஏறத்தாழ 9.2 செல்லும், அதன் வரிசை முடிவின்றி நீளும். 10:8 என்று பிரித்தால் இரண்டும் தாங்கும்.

தாங்கும் என்றாலும் காத்திருப்பு ஒழியாது. ஒரு முடக்கத்தின்போது 'ஆ'விடம் 12,000 பணிகள் தேங்கும். மீண்டபின் அவற்றைத் தீர்க்க 21 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதுவே 30 நொடி இயக்கம், 30 நொடி முடக்கம் என்றிருந்தால் தேக்கம் 200 பணிகள்தான். சராசரித் திறன் இரண்டிலும் ஒன்றே! பழுதின் அளவைவிட அது நீடிக்கும் காலமே பயனரை அதிகம் வருத்துகிறது. பணிகளை ஒரே பொது வரிசையில் நிறுத்தி, ஓய்வாக உள்ள வழங்கிக்குக் கொடுத்தால், அரை மணி நேர முடக்கத்திலும் தேக்கம் 9,000 ஆகக் குறையும். சுமார் 14 நிமிடங்களில் தீரும்.

குறுகிய வரிசையைத் தேடி அனுப்பும் முறை நல்லதே. எனினும் அதில் ஒரு பொறி உண்டு. பழுதான வழங்கி சில வேளைகளில் மௌனமாக இராது. வரும் பணியை எல்லாம் உடனுக்குடன் 'பிழை' என்று திருப்பி அனுப்பும். அதனால் அதன் வரிசை எப்போதும் காலியாகத் தெரியும். புதிய பணிகள் அங்கேயே குவிந்து வீணாகும். ஆள் இல்லாத பயணச்சீட்டுச் சாளரத்தில் கூட்டம் குறைவு என்று போய் நிற்பதைப் போன்றது இது. ஆகவே வரிசையின் நீளத்தோடு, பணிகள் உண்மையில் முடிகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்காகச் சில நொடிகளுக்கு ஒருமுறை சோதனைச் செய்தி அனுப்பப்படுகிறது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை பதில் வராவிட்டால் அந்த வழங்கி ஒதுக்கப்பட்டு, அதன் பணிகள் வேறிடம் செல்லும். ஆனால் பதில் தராத வழங்கி வேலையை முடித்துவிட்டும் இருக்கலாம். பணப் பரிமாற்றமானால் ஒரே தொகை இருமுறை கழிக்கப்படும். அதனால் ஒவ்வொரு பணிக்கும் தனி அடையாள எண் இடப்பட்டு, முடிந்த எண் மறுபடி வந்தால் புறக்கணிக்கப்படுகிறது.