புறநானூறு முதல் பாட்டு, முதல் பாட்டா?

போன வாரம் அண்ணன் மகள் புறநானூற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தப்பா, போரும் கொடையும்தான் புறம்னு சொன்னீங்க. முதல் பாட்டே சிவன் பாட்டா இருக்கே?"

நியாயமான கேள்வி. அது மற்ற பாட்டுகளோடு சேர்ந்து வந்ததில்லை. தொகுப்பின் தலையில் மாட்டியது. பாடியவர் பாரதம் பாடிய பெருந்தேவனார். எட்டுத்தொகையில் ஐந்து நூல்களுக்கு அவருடைய கடவுள் வாழ்த்துதான் முகப்பு. குறுந்தொகைக்கு முருகன், நற்றிணைக்குத் திருமால், ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு மூன்றுக்கும் சிவன். உள்ளே இருக்கிற புலவர்களுக்கு இவர் பிற்பட்டவர் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து.

நற்றிணையில் இது கண்ணுக்கே தெரியும். அடிகளை எண்ணிப் பாருங்க. அதன் பாடல்களுக்கு அளவு 9 முதல் 12 அடி. வாழ்த்து 7 அடிதான். தொகுத்த விதி அதற்குப் பொருந்தவில்லை.

அகநானூறு இன்னும் சுவாரசியம். அங்கே ஒற்றைப்படை எண் எல்லாமே பாலை. 2, 8-ல் முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20, 30 என்று போவது நெய்தல். வாழ்த்துக்கு 1 என்று எண் போட்டிருந்தால் அத்தனை பாட்டும் ஓர் இடம் தள்ளிப்போய் இந்த அடுக்கே குலைந்திருக்கும். அங்கே அது எண் இல்லாமல் வெளியே நிற்கிறது. புறநானூற்றில் இப்படி எண்ணோடு கட்டிய திணை வரிசை கிடையாது. வாழ்த்து 1-ஆம் எண்ணோடு உள்ளேயே உட்கார்ந்து, நானூறில் ஒன்றாகிவிட்டது.

(நாலாயிரத்திலும் இதே ஏற்பாடுதான். காலத்தால் முந்திய முதலாழ்வார்கள் இயற்பாவில் இருக்க, பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு 12 பாசுரமும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். ஆனால் அங்கே யாரும் ஏமாறுவதில்லை.)

இங்கே ஏமாறுகிறோம். "சங்க காலச் சிவ வழிபாட்டுக்குச் சான்று: புறம் 1" என்று அடிக்குறிப்பு போடுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானே போட்டிருக்கிறேன். சிவன் வேண்டுமென்றால் 91-க்குப் போகலாம். நெல்லிக்கனி தந்த அதியமானை, நீலகண்டனைப் போல நிலைத்திரு என்று ஔவையார் வாழ்த்தும் பாட்டு. அது உள்ளிருந்தே வரும் சாட்சி.

அவளை 2-லிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். முரஞ்சியூர் முடிநாகராயர், உதியஞ்சேரலைப் பாடியது. அதில் பாரதப் போர் வருகிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.