எக்ஸ்பிரஷனிஸம்: பார்க்கக் கற்றுக்கொள்வது பற்றிச் சில குறிப்புகள்

1

'எக்ஸ்பிரஷனிஸம்' என்பதைத் தமிழில் 'வெளிப்பாட்டியம்' என்று எழுதிவருகிறோம். சொல்லில் குற்றமில்லை. ஆனால் படத்தின் முன் நிற்பவரிடம் அது ஒரு கோணலான கேள்வியைக் கிளப்பிவிடுகிறது: 'எது வெளிப்படுகிறது?' உள்ளே ஏதோ ஒன்று, சோகமோ கோபமோ, ஏற்கெனவே தயாராக இருந்தது. ஓவியர் அதை வெளியே கொட்டிவிட்டார். பார்வையாளர் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி. இலக்கியத்தின் வழியாக ஓவியத்துக்கு வருகிறவர்கள் (தமிழ்ச் சூழலில் நம்மில் பலரும் அப்படித்தான் வந்து சேர்கிறோம்) இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம். படம் ஒரு விடுகதை ஆகிவிடும். விடை தெரிந்ததும் படம் தேவையில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சட்டென்று நினைவுக்கு வருவது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது மெய்ப்பாடு. இதைக் கையில் வைத்துக்கொண்டு நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க் 1893இல் வரைந்த 'அலறல்' ஓவியத்தை அணுகினால் பாதித் தூரம் போகலாம். பாலத்தில் ஒரு உருவம், திறந்த வாய், காதுகளில் கைகள். அச்சம். சரி, அப்புறம்?

அந்த உருவம் அலறுகிறது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். மங்க் எழுதிவைத்திருக்கும் குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது. சூரியன் மறையும் நேரத்தில் நண்பர்களோடு நடந்துபோகையில், இயற்கையினூடே ஒரு அலறல் கடந்துபோவதை அவர் உணர்ந்தார். உருவம் காதைப் பொத்திக்கொள்கிறது. அது கேட்கிற உருவம். அப்படியானால் அலறல் படத்தில் எங்கே இருக்கிறது? வானத்தில் நெளிந்தோடும் சிவப்பு, மஞ்சள் கோடுகளில். அதே நெளிவைக் கீழே வாங்கிக்கொள்ளும் நீர்ப்பரப்பில். அந்த நெளிவுக்குள் இழுபட்டு எலும்பில்லாததுபோல் வளையும் உடம்பில். பாலத்தின் கைப்பிடி மட்டும் விறைத்த நேர்கோடு. அதன் கோடியில் இரண்டு பேர் நிமிர்ந்து நடந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மெய்ப்பாடு உடம்போடு நின்றுவிடுகிறது. இங்கே உணர்வு உடம்பை விட்டு இறங்கிப் படத்தின் பரப்பெங்கும் பரவுகிறது. பரப்பே மெய் ஆகிறது. வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் இடையே உள்ள பகையைப் பார்க்காமல் 'அச்சம்' என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்தால் நாம் படத்தைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

2

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் 1905 ஜூனில் நான்கு கட்டிடக்கலை மாணவர்கள் சேர்ந்து 'பாலம்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். கிர்ஹ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், ப்ளைல். அடுத்த ஆண்டு வெளியான அவர்களுடைய அறிக்கையைக் கிர்ஹ்னர் மரத்தில் செதுக்கி அச்சிட்டார். எழுத்து எழுத்தாக. குழு 1913இல் கலைந்துவிட்டது. எக்ஸ்பிரஷனிஸத்தை விளங்கிக்கொள்ள அவர்களுடைய எண்ணெய் வண்ண ஓவியங்களைவிட இந்த மரச்செதுக்கு நல்ல நுழைவாயில் என்று நினைக்கிறேன்.

மரச்செதுக்கு எப்படி நடக்கிறது? பலகையில் உளியால் தோண்டி எடுத்த இடம் வெள்ளையாக விழும். விட்டுவைத்த இடம் மை வாங்கிக் கறுப்பாக விழும். இடையில் சாம்பல் நிறம் கிடையாது. மரத்துக்கு ரேகை உண்டு; ரேகையோடு போனால் உளி வழுக்கும், குறுக்கே போனால் மரம் சிம்பு தெறிக்கும். பேனாபோல நினைத்த பக்கமெல்லாம் வளையாது. போதாததற்குப் படம் இடவலம் மாறி அச்சாகும். எழுத்தைச் செதுக்குகிறவர் ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்கியாக வேண்டும். இதைப்போய் 'கட்டற்ற உணர்ச்சிப் பீறல்' என்று சொன்னால் தச்சர்கள் சிரிப்பார்கள்.

அந்த முகங்களில் நாம் பார்க்கும் கோணலும் கூர்மையும் மனசு, உளி, மரம் மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு உண்டாக்கியவை. ஒவ்வொரு கோணலும் ஒரு முடிவு. வெட்டினால் வெட்டியதுதான், திருப்பி ஒட்டவைக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டால் 'சிதைவு' என்று கலை விமரிசனத்தில் நாம் சுலபமாகப் பயன்படுத்தும் சொல்லின் எடை மாறிவிடுகிறது. கிர்ஹ்னர் 1915இல் ராணுவத்தில் சேர்ந்து, சில மாதங்களிலேயே நொறுங்கிப்போய் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு அவர் வரைந்த 'சிப்பாயாகத் தன்னுருவம்' படத்தில் வலதுகை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டிருக்கிறது. நிஜத்தில் அவர் கை பத்திரமாக இருந்தது. அந்தக் கையால்தான் படத்தையே வரைந்தார். பொய்யா? யுத்தம் ஒரு ஓவியரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதைப் பற்றி அந்தப் படம் ஒரு வாதத்தை வைக்கிறது. வாதம் என்றால் நாம் பதில் பேசலாம், மறுக்கலாம். வெறும் பீறல் என்றால் அனுதாபப்படத்தான் முடியும்.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் இருந்த சரித்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'பாலம்' குழுவினர் டிரெஸ்டன் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் பசிஃபிக்கின் பலாவ் தீவிலிருந்து வந்த செதுக்கு உத்தரங்களைப் பார்த்துக் கிறங்கிப்போனார்கள். பலாவ் அப்போது ஜெர்மனியின் காலனி. ஐரோப்பிய நகர நாகரிகத்தின் பொய்மைக்கு மாற்றாக அவர்கள் கொண்டாடிய 'ஆதிக் கள்ளமின்மை' காலனியக் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. செதுக்கியவர்களின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பும் அன்றைக்கு யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. 'பழங்குடி', 'நாட்டார்' என்ற சொற்களை நவீனக் கலைக்கான உரமாகவே பாவிக்கும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

3

கேத்தே கோல்விட்ஸ் 'பாலம்' குழுவில் சேராதவர். எக்ஸ்பிரஷனிஸ்ட் என்று அவரைச் சொல்லலாமா கூடாதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்; அந்த விவாதம் நமக்கு முக்கியமில்லை. சைலீசிய நெசவாளர் எழுச்சியை (1844) மையமாக வைத்து அவர் செய்த 'நெசவாளர்கள்' வரிசைக்கு 1898இல் தங்கப்பதக்கம் பரிந்துரைக்கப்பட்டபோது கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் தர மறுத்துவிட்டார். அவருடைய கணவர் பெர்லினில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் மருத்துவர்.

1914இல் யுத்தம் வந்தது. இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. தானாகவே ராணுவத்தில் சேர விரும்பினான். தகப்பனாரின் சம்மதம் தேவை. அவர் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக்கொடுத்தது அம்மா. அக்டோபரில் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான்.

இதை எப்படி வரைவது? 'வெளிப்பாடு' உடனே பீறிடும் விஷயம் என்றால் 1914இலேயே பீறிட்டிருக்க வேண்டும். கோல்விட்ஸின் 'யுத்தம்' வரிசையின் ஏழு மரச்செதுக்குகளும் 1921-22இல்தான் உருவாயின. 1920இல் பார்லாஹின் மரச்செதுக்குகளைக் கண்காட்சியில் பார்த்த பிறகுதான் தனக்கான ஊடகம் இது என்று கண்டுகொண்டார். கொலை செய்யப்பட்ட கார்ல் லீப்னெஹ்டுக்கான அஞ்சலிப் படத்தையும் முதலில் அமிலச்செதுக்கிலும் பிறகு கல்லச்சிலும் செய்துபார்த்து, திருப்திப்படாமல், கடைசியில் மரத்தில் முடித்தார். துக்கத்துக்கு ஊடகம் கிடைக்க ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

'யுத்தம்' வரிசையில் போர்க்களமே கிடையாது. பெற்றோர், விதவை, தாய்மார்கள், மக்கள். முதல் படத்தின் பெயர் 'பலி'. ஆடையற்ற ஒரு தாய் கண்களை மூடிக்கொண்டு தன் குழந்தையைக் கைகளில் ஏந்தி நீட்டுகிறாள். சுற்றிலும் கறுப்பு. அந்தக் கைகளுக்கு எதிர்ப்புறம் யாரும் செதுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரிடம் கொடுக்கிறாள்? நாட்டுக்கா, கடவுளுக்கா, யுத்தத்துக்கா? வாங்கிக்கொள்கிறவரின் இடத்தைப் படம் காலியாக விட்டிருக்கிறது. பார்க்கிற நாம் கொஞ்சம் அசந்தால் அந்த இடத்தில் போய் நின்றுவிடுவோம். தன் மகனுக்குச் சம்மதம் வாங்கிக்கொடுத்த ஒரு தாய் செய்த படம் இது என்று தெரிந்தால் பரிதாபப்படுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சுமத்தப்பட்ட துயரமும் தான் உடன்பட்ட குற்றமும் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஒருவரைச் செதுக்காமல் விட்டது அந்தப் படத்தின் பெரிய முடிவு.

4

மார்க்சியர்கள் இந்த இயக்கத்தோடு போட்ட சண்டை நமக்குப் பரிச்சயமானது. மாஸ்கோவில் 1934இல் லூக்காச் எழுதிய கட்டுரை எக்ஸ்பிரஷனிஸத்தைக் குட்டிபூர்ஷ்வாக்களின் அரூபமான எதிர்ப்பு என்றது; சமூக முழுமையைக் காணத் திராணியற்ற இந்த அகவயம் கடைசியில் பாசிசத்துக்குத்தான் உதவும் என்றது. 1937-38இல் 'தாஸ் வோர்ட்' இதழில் விவாதம் நடந்தது. யதார்த்தமே விரிசல் கண்டு கிடக்கும்போது முழுமையை எங்கேயிருந்து கொண்டுவருவது என்று எர்ன்ஸ்ட் ப்ளோஹ் எதிர்த்து எழுதினார். லூக்காச்சின் கட்டுரையில் ஒரு ஓவியரின் பெயர்கூட வரவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். நம் கவனத்துக்குரியது இந்த இரண்டாவது விஷயம்தான். ஒரு கலை இயக்கத்துக்குத் தீர்ப்பு எழுத ஒரு படத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் ஹிட்லரின் ஆட்களும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 1937 ஜூலை 19 அன்று மூனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சி திறக்கப்பட்டது. அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 600க்கும் மேற்பட்ட படைப்புகளைக் கேலி வாசகங்களோடு நெருக்கியடித்துத் தொங்கவிட்டார்கள். மூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். கிர்ஹ்னர் அடுத்த ஆண்டு ஜூனில் தாவோஸ் அருகே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார்.

இந்தச் சரித்திரத்தை வைத்து 'நாஜிகள் தடை செய்தார்கள், ஆகவே எக்ஸ்பிரஷனிஸம் நம் பக்கம்' என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். குறுக்கே எமில் நோல்டே வந்து நிற்கிறார். யாரையும்விட அதிகமாக, அவருடைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள்தான் அருங்காட்சியகங்களிலிருந்து பறிபோயின. 1941இல் தொழில் தடையும் வந்தது. ஆனால் அவர் 1934இலிருந்து நாஜிக் கட்சிக்காரர், யூத வெறுப்பாளர். யுத்தத்துக்குப் பிறகு 'தடை செய்யப்பட்ட கலைஞர்' என்ற பிம்பம் அவரை நன்றாகவே காப்பாற்றியது. 2019இல் பெர்லினில் நடந்த கண்காட்சி அந்தப் பிம்பத்தை ஆவணங்களோடு உடைத்தது. ஆங்கலா மெர்க்கெல் தன் அலுவலகத்திலிருந்த நோல்டே ஓவியங்களை அந்த வருஷம் இறக்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், லூக்காச் பார்க்கத் தவறிய ஓவியர்கள் என்று ப்ளோஹ் கொடுத்த பட்டியலில் நோல்டேயும் உண்டு.

நோல்டேயின் 'தீர்க்கதரிசி' (1912) மரச்செதுக்கு. குழிந்த கண்கள், மரத்தின் ரேகையோடு இறங்கும் தாடி, இருட்டிலிருந்து துருத்தும் முகம். இதில் நாஜியிஸம் ஒளிந்திருக்கிறது என்று துப்பறிய நான் வரவில்லை. அது வலுவான படம், சங்கடமே அதுதான். அதே உளி, அதே கறுப்பு. 'பலி'யின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் புலப்படும். தீர்க்கதரிசியின் முகத்துக்கு இடம், காலம், எதிரில் இன்னொரு மனிதர் என்று எதுவும் தேவைப்படவில்லை. அது தன்னளவிலேயே பூரணம், நாம் அண்ணாந்து பார்த்தால் போதும். கோல்விட்ஸின் தாய் பூரணமாக இல்லை. அவள் கைகள் இன்னொருவரைக் கோருகின்றன. பாணியின் பெயரை வைத்து அரசியலைக் கணிக்க முடியாது. லூக்காச்சும் ஹிட்லரும் எதிரெதிர்த் திசையிலிருந்து அதைத்தான் செய்ய முயன்றார்கள். படத்தில் எடுக்கப்பட்ட ஒவ்வொரு முடிவும் நம்மை எங்கே நிற்கவைக்கிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. படம் படமாகப் பார்க்க வேண்டியிருப்பதால் இது நிதானமாக நடக்கிற வேலை.

5

அந்தக் காலி இடம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 1931 பிப்ரவரியில் ஷாங்காயில் இளம் எழுத்தாளர் ரூ ஷியைக் கோமிண்டாங் அரசு சுட்டுக் கொன்றது. வெளிப்படையாக அஞ்சலி எழுத வழியில்லை. லூ சுன் ஒரு இலக்கிய இதழின் முதல் எண்ணில் கோல்விட்ஸின் 'பலி'யை வெளியிட்டார். ரூ ஷியின் பார்வையிழந்த தாய் கிராமத்தில் இருந்தார். அவரை நினைத்தே இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததாக லூ சுன் பிறகு எழுதினார். பெர்லின் தாயின் நீட்டிய கைகளுக்கு எதிரே ஷாங்காயின் துப்பாக்கிகள் வந்து நின்றன. வாங்குகிறவரின் முகத்தைக் கோல்விட்ஸ் செதுக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

லூ சுன் அதே ஆண்டு இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1936இல், கோல்விட்ஸின் படங்களைத் தொகுத்து வெளியிட்டார். பலகை, உளி, மை, காகிதம் இருந்தால் போதும் என்பதால் அந்தக் கலை இயக்கங்களின் கைக்குள் வந்தது. வங்கப் பஞ்சத்தின் (1943) சாவுகளைக் கறுப்பு வெள்ளையில் பதிந்த சித்தபிரசாத், சோம்நாத் ஹோர் இருவரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்கும் ஆதிமூலம் போன்றவர்கள் வருஷக்கணக்கில் கோடுகளைக் கொடுத்துவந்திருக்கிறார்கள். அவற்றைக் கவிதைக்கும் கட்டுரைக்கும் நடுவே வெற்றிடம் நிரப்பும் சமாச்சாரமாக எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிடும் பழக்கம் வாசகர்களிடம் உண்டு. 'இது என்ன சொல்லுது?' என்று கேட்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். கோடு எதனால் போடப்பட்டது, பேனாவா, தூரிகையா, உளியா? எது வளைகிறது, எது வளைய மறுக்கிறது? யாரை வரையாமல் விட்டிருக்கிறது? நான் எங்கே நிற்கிறேன்? இந்த நான்கையும் கேட்டு முடித்த பிறகும் அந்தப் பழைய கேள்வி மிச்சமிருந்தால் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.